செஸ் கணினியின் ராஜாவைப் பலி கொடுத்துப் பிடிப்பது: தனியாக மல்லுக்கட்டுபவர்களுக்கு

பிஷப்பை எச்7-ல் (எச் வரிசையின் ஏழாம் கட்டத்தில்) தூக்கிப் போட்டு செக் வைப்போம். கணினி யோசிக்காமல் எடுக்கும். குதிரை ஜி5-க்கு வந்து செக். ராஜா ஜி6, எச்5 என்று பலகையின் நடுப்பக்கமாக நடந்து போகும். நம்மிடம் செக் தீர்ந்துபோகும், கணினியிடம் ஒரு பிஷப் மிச்சமிருக்கும். அப்புறம் முப்பது நகர்த்தல் வரை மெதுவாகக் கழுத்து நெரிபடும். மனித எதிராளி என்றால் பயத்தில் எங்காவது தடுமாறுவான். இந்தப் பெட்டிக்குப் பயமே கிடையாது. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் ஒரு மணிக்கு எரிச்சலோடு எழுந்திருப்பது இப்படித்தான். திரும்பத் திரும்பத் தோற்ற பிறகு, நமக்குத் தாக்குதலே வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் தாக்குதல் மோசமாக இருப்பதில்லை. கணினிக்கு நன்றாகத் தெரிகிற வகைத் தாக்குதலை அதன் மேலேயே ஏவுவதுதான் சிக்கல்.

முதலில் எதனோடு ஆடுகிறோம் என்பதைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கை வீணடிக்கலாம். இன்றைய ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலை முழு பலத்தில் வைத்துக்கொண்டு பலித் தாக்குதலால் வெல்லலாம் என்பது நடக்காத காரியம். 2020-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்து அதில் நரம்பு வலைப்பின்னல் மதிப்பீடு சேர்ந்துவிட்டது. ராஜாவுக்கு வரும் ஆபத்தை அது வெகு முன்பே முகர்ந்துவிடும். பலம் குறைத்த நிலைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், கணினி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேண்டுமென்றே இடையிடையே மட்டமான நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கும். ஸ்டாக்ஃபிஷின் 0 முதல் 20 வரையிலான திறன் நிலை இப்படித்தான் வேலை செய்கிறது. அதை ஒரு பலியால் வென்றால் நம் பலி சரியா, அல்லது அது சும்மா விட்டுக்கொடுத்ததா என்று தெரியவே தெரியாது. கற்றுக்கொள்ள உதவாது. இன்னொரு வகை, இத்தனை நகர்த்தல் ஆழம்தான் பார்க்கலாம் என்று கட்டிப்போடுவது. பழைய தனிச் செஸ் பெட்டிகளான மெஃபிஸ்டோ, ஃபிடெலிட்டி, நோவாக், சாய்டெக் போன்றவை இயல்பிலேயே இப்படிப்பட்டவை. கணினியில் ஆடுகிறவர்கள் எஞ்சினை, அதாவது நகர்த்தலைக் கணக்கிடும் நிரலை, ஆழம் 5 அல்லது 6 என்று நிறுத்திவைத்து ஆடலாம். தாக்குதல் பழக இதுதான் நேர்மையான எதிரி. புதிதாக எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஸ்டாக்ஃபிஷ் இலவசம், ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வசதி பெரும்பாலான இடைமுகங்களில் இருக்கிறது.

ஆழம் என்றால் இங்கே அரைநகர்த்தல் கணக்கு. நாம் ஒன்று, அது ஒன்று ஆடினால் இரண்டு. இரவில் பைக் விளக்கு எட்டும் தூரம் மாதிரி, அதற்குள் இருப்பது பளிச்சென்று தெரியும், ஓரடி தள்ளி இருந்தால் இல்லவே இல்லை. ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. செக்கும் வெட்டும் தொடர்ந்து வந்தால் அந்த வரிசையை மட்டும் எல்லையைத் தாண்டியும் பின்தொடரும்படி நிரல்களை எழுதியிருக்கிறார்கள். வெட்டு நடந்துகொண்டிருக்கும்போது பாதியில் கணக்கை நிறுத்தினால் மதிப்பீடு தப்பாகிவிடும் என்பது காரணம். ஆகவே ஆழம் 6 என்று போட்டிருந்தாலும், எச்7-ல் பலி, செக், செக், ராணி செக் என்ற வரிசையைப் பத்துப் பன்னிரண்டு அரைநகர்த்தல் வரைகூடப் பார்த்துவிடும். மனிதக் கண்ணுக்குக் கஷ்டமானது அதற்குச் சுலபம். அதன் குருட்டு இடம் வேறு: பலிக்கும் மேட்டுக்கும் (ராஜா தப்பவே முடியாத கடைசி செக்குக்கும்) நடுவில் செக்கும் இல்லாத, வெட்டும் இல்லாத ஓர் அமைதியான நகர்த்தல். முன்னே தள்ளப்படும் ஒரு சிப்பாய், பக்கவாட்டில் நகரும் ஒரு யானை. பலித் தாக்குதலைத் திட்டமிடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வரிசையில் அமைதியான நகர்த்தல் எங்கே இருக்கிறது என்பதுதான். அது இல்லாத பலியை அது நமக்கு முன்பே பார்த்து, பார்த்துவிட்டுத்தான் நம்மை அனுமதிக்கிறது.

இதற்குச் சின்ன உதாரணம், கறுப்பில் ஆடுபவர்களுக்கான பழைய பொறி ஒன்று. ருய் லோபஸ் திறப்பில் 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5 குதிரை எஃப்6 4.வெள்ளை ராஜா பக்கம் கோட்டை கட்டுகிறது (ராஜா ஜி1-க்கும் யானை எஃப்1-க்கும் ஒரே நகர்த்தலில் போகின்றன), 4...குதிரை ஜி4. விசித்திரமான நகர்த்தல். 5.எச்3 என்று விரட்டினால் குதிரையைப் பின்வாங்காமல் 5...எச்5. 6.எச் சிப்பாய் குதிரையை வெட்டினால் 6...எச் சிப்பாய் ஜி4-ல் வெட்டுகிறது. எச் வரிசை திறந்து, கறுப்பு யானை நேராக எச்1-ஐப் பார்க்கிறது. 7.குதிரை இ1 என்று பின்வாங்கினால் 7...ராணி எச்4. மேட் மிரட்டல். ராஜாவுக்கு வழிவிட 8.எஃப்4. இப்போது 8...ஜி3! செக் இல்லை, வெட்டு இல்லை. ராஜா ஓடப் பார்த்த எஃப்2-ஐ இந்தச் சிப்பாய் அடைத்துவிட்டது, அடுத்து ராணி எச்1 மேட். குதிரையை வெட்டும் நகர்த்தலிலிருந்து எண்ணினால் மேட் எட்டாவது அரைநகர்த்தலில் வருகிறது. ஆழம் 5-ல் உள்ள பெட்டிக்கு அது தெரியாது. ஒரு குதிரை இனாம் என்று மட்டும் தெரியும். நன்றாகப் பார்க்கும் எஞ்சின் குதிரையைத் தொடாது, 6.சி3 அல்லது 6.டி3 என்று தன் வேலையைப் பார்க்கும். அப்போது கறுப்புக்கு நல்ல நிலை என்று சொல்ல முடியாது. எனவே இதை வெறும் பொறியாக நம்பி ஆடாமல், இதிலுள்ள உத்தியைப் பிரித்தெடுக்க வேண்டும்: நாம் வெட்டவில்லை, எதிரியை வெட்டவைத்தோம், அதன் சிப்பாயே நம் யானைக்குக் கதவைத் திறந்தது. கணினிச் செஸ் ஆடுபவர்கள் இதை ட்ரோஜன் குதிரை என்பார்கள்.

வெள்ளையில் இதைக் கட்டுவதற்கு எனக்குப் பிடித்தது ஸ்டோன்வால் அமைப்பு. டி4, இ3, எஃப்4, சி3 சிப்பாய்கள், பிஷப் டி3, குதிரைகள் எஃப்3-லும் டி2-லும். புத்தகப்புழுக்கள் இதை மதிக்க மாட்டார்கள். ஆனால் கணினிக்கு எதிராக மூன்று லாபம். அதில் முன்பே ஏற்றிவைத்த தொடக்க நகர்த்தல்களின் நூலகத்திலிருந்து சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறோம். நடுப்பலகை பூட்டிக்கொள்வதால் அதன் கணக்குப் பலத்துக்கு வேலை குறைகிறது. மூன்றாவது, மேட் வருவதற்குத் தேவையான ஏற்பாடுகள் எல்லாம் மெதுவாக, ஒரு வெட்டும் இல்லாமல் நடப்பதால் அது அலட்டிக்கொள்ளாது. 2000-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் போட்டியில், நம் ஆனந்த்தும் ரஷ்யாவின் கிராம்னிக்கும் முதலிடத்தைப் பகிர்ந்த அதே போட்டியில், ஜூனியர் என்ற நிரலும் ஓர் ஆட்டக்காரராகக் கலந்துகொண்டது. 9 சுற்றில் 4.5 புள்ளி எடுத்தது, அதாவது உலகத்தரம். அதைக் கிராம்னிக் இந்த ஸ்டோன்வாலை வைத்துத்தான் தோற்கடித்தார். ஜூனியர் சி4 என்று தள்ளி நடுப்பலகையைத் தானே மூடிக்கொண்டது. கிராம்னிக் கோட்டை கட்டாமல் ராஜாவை நடுவிலேயே விட்டுவிட்டு, யானை ஜி1, எச்3, ஜி4 என்று ராஜா பக்கம் சிப்பாய்களை உருட்டினார். நடு மூடியிருக்கிற வரை நடுவிலிருக்கும் ராஜா பத்திரம் என்பது கணினிக்கு அப்போது புரியவில்லை.

இனி, பலி கொடுக்கும் நிலையை அச்சாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜா இ1-லேயே, யானை எச்1-ல், ராணி டி1-ல், மேலே சொன்ன சிப்பாய் அமைப்போடு எச் சிப்பாய் எச்4-க்கு ஏறியிருக்கிறது. கறுப்பு ராஜா ஜி8, யானை எஃப்8, ராணி டி8, பிஷப் இ7, குதிரை எஃப்6, முன்னால் எஃப்7, ஜி7, எச்7 சிப்பாய்கள் அசையாமல். இப்போது குதிரை ஜி5. கணினி எச்6 என்று கேட்கும். குதிரையை நகர்த்தாதீர்கள், வேறு எங்காவது பயனுள்ள ஒரு நகர்த்தல் ஆடுங்கள். எச் சிப்பாய் ஜி5-ல் வெட்டும், நம் எச் சிப்பாய் திரும்ப வெட்டும். எச் வரிசை திறந்தது, எஃப்6 குதிரை ஜி5 சிப்பாயிடம் மாட்டியிருக்கிறது. அது எங்கே போனாலும் ராணி எச்5. குதிரை எஃப்3-லிருந்து போய்விட்டதால் டி1-லிருந்து எச்5 வரை ராணிக்குப் பாதை காலி. யானை பின்னால் தாங்குவதால் ராணி எச்8 மேட் மிரட்டல். குதிரை எச்5-க்கே வந்து மறித்தால் ராணி அதை வெட்டிக்கொண்டு அதே இடத்தில் உட்காரும். ஜி4-க்கு வந்தால் ராணி அங்கேயே வெட்டும், கொடுத்தது திரும்பிவிட்டது, தாக்குதலும் நிற்கிறது.

கணினிக்கு மிச்சமுள்ள ஒரே மூச்சு, எஃப் சிப்பாயைத் தள்ளி ராஜாவுக்கு எஃப்7-ல் வழி விடுவது. அங்கேதான் அந்த அமைதியான நகர்த்தல்: ஜி6! எஃப்7-ஐயும் எச்7-ஐயும் ஒரே சிப்பாய் மூடுகிறது. யானையை இ8-க்கு நகர்த்தி எஃப்8-ஐக் காலி செய்தாலும் பயனில்லை, எச்8-ல் ராணி செக் வைத்தால் அந்தக் கட்டமும் அதே கோட்டில் அடிபடுகிறது. ஒரே ஒரு கடைசி வித்தை உண்டு, இதைத் தெரியாமல் ஜெயித்த ஆட்டத்தைச் சமமாக்கிக்கொள்வார்கள். எஃப் சிப்பாய் எஃப்5-க்குப் போயிருந்தால் எஃப்6 காலி. கறுப்பு பிஷப் இ7-லிருந்து எச்4-க்குப் பாய்ந்து இ1 ராஜாவுக்குச் செக் வைக்கும், அதே சமயம் எச் வரிசையையும் மறிக்கும், பின்னால் டி8 ராணி அதைத் தாங்கும். கை தானாக ராணியால் வெட்டப் போகும். வெட்டினால் ராணிகள் மாறி, எல்லாம் சமமாகி, மேட் காற்றோடு போய்விடும். யானையால் வெட்டுங்கள். அது ராணியால் யானையை எடுத்தால் நம் ராணி அதை எடுக்கும். எடுக்காவிட்டால் எச்8-ல் மேட் அப்படியே நிற்கிறது.

எப்போது செய்யக் கூடாது என்பது இதைவிட முக்கியம். கறுப்பு யானை ஏற்கனவே இ8-ல் இருந்தால் செய்யாதீர்கள். நம் ராணி எச்5 வந்ததும் ராஜா ஒரு நடையில் எஃப்8-க்கு விலகிக்கொள்ளும், எச்8 செக்குக்கு ராஜாவை மறைக்க ஒரு குதிரை ஜி8-க்குத் திரும்பினால் தாக்குதல் தீர்ந்தது. இ5 என்ற உடைப்பு கறுப்புக்குத் தயாராக இருந்தால் முதலில் அதை அடக்குங்கள், திறந்த இ வரிசையில் நம் ராஜா நிற்பது நமக்கே ஆப்பு. பிஷப் ஏ6-க்கு வந்து டி3 பிஷப்பை மாற்றிக்கொள்ளப் பார்த்தாலும், குதிரை பி4-க்கு வந்து அதைச் சீண்டினாலும் ஒரு நகர்த்தல் செலவழித்து பிஷப்பைக் காப்பாற்றுவது மேல். கறுப்புக் குதிரை முன்கூட்டியே இ4-ல் வந்து உட்கார்ந்துவிட்டால் ஜி5 குதிரையை அது மாற்றிக்கொள்ளும். டி2 குதிரையை அங்கே வைப்பது இ4-ஐக் காவல் காக்கத்தான், அதை வேறெங்கும் அலையவிடாதீர்கள். தாக்குகிற காய்களை எண்ணும்போது ராணியையும் யானையையும் சேர்த்துக் குறைந்தது மூன்று, அதோடு ஒரு சிப்பாய் வேண்டும். ஏ1 யானையும் சி1 பிஷப்பும் தூங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்தத் தாக்குதலுக்கு அவை வேண்டியதில்லை.

கணினி குதிரையை எடுக்க மறுத்தால் என்ன செய்வது? பலருக்கு இங்கேதான் பொறுமை போய், கோபத்தில் எதையாவது பலி கொடுத்துத் தோற்பார்கள். எடுக்காமல் இருப்பது, அதன் எல்லைக்குள் மேட் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். நேரம் அதிகம் கொடுத்திருந்தால் இப்படி ஆகும். நமக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று நீண்ட கடிகாரம் வைக்கிறோம். அதில் அதிகம் பயனடைவது அதுதான். நேரத்தின்படி ஆடும் பெட்டியில் நகர்த்தலுக்குச் சில விநாடி என்று அதற்கு வைத்துவிட்டு, நாம் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிப்பது பயிற்சிக்கு ஏற்றது. குதிரை ஜி5-ல் நின்றுகொண்டே இருக்கட்டும், எச்6 சிப்பாய் அதன் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். வேறு நகர்த்தல்கள் ஆடிக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டத்தில் மேட் அதன் பார்வைக்கு வெளியே தள்ளிப்போய் எடுத்துவிடுவதும் உண்டு.

மேட் நெருங்கும்போது கணினி பைத்தியம் பிடித்த மாதிரி ஆடத் தொடங்கும். சம்பந்தமே இல்லாமல் மறுபக்கத்தில் ஒரு சிப்பாயைத் தரும், யானையால் செக் வைத்துத் தானே வெட்டுப்படும், ராணியைக்கூட நீட்டும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஏதோ ஆழமான சதி என்று தோன்றும். சதி கிடையாது. மேட்டை எல்லைக்கு வெளியே தள்ளினால் அது இல்லாமல் போய்விட்டதாக அதன் கணக்கு நினைக்கிறது. கணினிச் செஸ் ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் 1973-ல் இதற்கு அடிவான விளைவு என்று பெயர் வைத்தார். இந்த நேரத்தில் ஒவ்வொரு நீட்டலுக்கும் இரண்டே கேள்வி: எடுத்தால் என் மேட் மிரட்டல் நிற்கிறதா, எடுத்த பிறகு அதனிடம் செக் இருக்கிறதா. முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால் எடுங்கள். சந்தேகம் இருந்தால் எடுக்காமல் மேட்டையே போடுங்கள்.

பலியால் எல்லாம் நடக்கும் என்ற மயக்கம் பெரியவர்களையே கவிழ்த்திருக்கிறது. பத்தாண்டுக்குள் எந்தக் கணினியும் தன்னை வெல்லாது என்று 1968-ல் பந்தயம் கட்டிய ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் டேவிட் லெவி, 1978-ல் டொராண்டோவில் செஸ் 4.7 நிரலை 3.5–1.5 என்று வென்றார். அமைதியாக, மூடிய நிலைகளில் ஆடியே பெரும்பாலும் ஜெயித்தார். தோற்ற ஒரே ஆட்டம், லாட்வியன் காம்பிட் என்ற கன்னாபின்னா திறப்பை ஆடியது. 2002-ல் பஹ்ரைனில் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலுக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தில் கிராம்னிக் எஃப்7-ல் ஒரு குதிரையைப் பலி கொடுத்தார். பார்க்க அற்புதமான பலி. நிரல் பதறாமல் தற்காப்பைக் கண்டுபிடித்தது, கிராம்னிக் தோற்றார். மொத்தப் போட்டி 4–4 என முடிந்தது. டார்ட்மண்டில் சிப்பாய்களை மெதுவாக உருட்டி வென்ற அதே மனிதர்தான் இவர். நடு திறந்திருக்கும்போது, செக்கும் வெட்டும் நிறைந்த பலி கணினியின் சொந்த ஊர். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் டீப் ஜூனியர், காஸ்பரோவின் ராஜாவுக்கு எதிராகத் தன் பிஷப்பை எச்2-ல் பலி கொடுத்து, 19 நகர்த்தலில் ஆட்டத்தைச் சமன் செய்தது. பலி கொடுக்கும் வேலையையும் அது கற்றுக்கொண்டிருந்தது.

பயிற்சி முறையைப் பொறுத்தவரை, ஆழம் 4-ல் தொடங்குங்கள். ஸ்டோன்வால் நிலையைக் கட்டி, ட்ரோஜன் குதிரையை வைத்து வெல்லும் வரை அதே ஆழத்தில் இருங்கள், பிறகு ஒன்று ஏற்றுங்கள். நகர்த்தலைத் திரும்ப எடுக்கும் பொத்தானை ஆட்டத்தின்போது தொடவே கூடாது. அது இருந்தால் கை அவசரப்படும், பலிக்கு முன் எண்ணும் பழக்கமே வராது. தோற்ற ஆட்டத்தை எழுதி வையுங்கள், பலி கொடுத்த நகர்த்தலுக்குப் போய் முழு பலத்தில் எஞ்சினை ஓடவிட்டு, தற்காப்பு எங்கே இருந்தது என்று மட்டும் பாருங்கள். முழு ஆட்டத்தையும் அலச வேண்டாம், மனசு உடைந்துவிடும். பழைய பெட்டிகள் பலவும் அதே நிலையில் அதே நகர்த்தலையே ஆடும். ஒரு முறை வென்ற வரிசையை மறுபடி ஆடி வெல்வது சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதில் ஒன்றும் கிடையாது. ஏதாவது ஒரு சிப்பாயை வேறு வரிசையில் நகர்த்திவிட்டு, அதே தாக்குதல் இன்னும் நிற்கிறதா, யானை எஃப்8-லா இ8-லா என்று முதலிலிருந்து பாருங்கள்.